கரியாலூர் இறக்கம்

சென்னையில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் சுற்றுலாவுக்கும் வண்டி அனுப்பும் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸில் எனக்குப் பதினோரு வருஷமாக வேலை. வேன், மினி பஸ், ஐம்பது பேர் போகிற பெரிய பஸ், எது வேண்டுமென்றாலும் என்னிடம்தான் பேச வேண்டும். போனை எடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தன பேருங்க?" என்பது. அதற்கு உண்மையான பதில் சொன்ன பார்ட்டியை இதுவரை நான் பார்த்ததில்லை. "இருபது பேர்தாம்மா, கூட ரெண்டு கொழந்தைங்க" என்பார்கள். வண்டி போய் நின்றால் முப்பது பேர் ஏறுவார்கள். அந்த ரெண்டு குழந்தைகளில் ஒன்றுக்கு மீசை இருக்கும்.

நான் விடமாட்டேன். "சீட்டுக்கு மேல ஒரு ஆள் ஏறுனாலும் வண்டி நகராது" என்று போனிலேயே கத்துவேன். டிரைவர்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதும் தெரியும். அதை இங்கே எழுத முடியாது. வாய் நீளம்தான் எனக்கு. பிறந்தது மணலூர்பேட்டைப் பக்கம். எங்கள் ஊரில் மெதுவாகப் பேசினால் கரும்புத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்குக் கேட்காது. அந்த வாயால் நான் செய்த ஒரு காரியத்தை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்கும் தெரியாது.

ஆபீஸ் சுவரில் ஒரு போர்டு உண்டு. அதில் டிரைவர்களின் பெயரும், ஒவ்வொருவர் வண்டியும் ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதும் இருக்கும். மாசக் கடைசியில் யார் மேலே நிற்கிறாரோ அவருக்கு அடுத்த மாசம் நல்ல டிரிப். கல்யாணம், கோயில், திருப்பதி. வயிறாரச் சாப்பாடு, "டிரைவர் தம்பி சாப்டீங்களா" என்று நாலு பேர் விசாரிப்பு. கடைசியில் நிற்பவருக்குக் கம்பெனி ஷிஃப்ட். விடியற்காலையில் ஆள் ஏற்றி, அதே ரோட்டில் இறக்கி, யாரும் முகம் பார்க்காத வேலை. அந்த யோசனை என்னுடையது. முதலாளி அதைக் கேட்டு, "படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்" என்றார். ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வருஷம் முன்பு என் மகனுக்குப் பதினோராவது மாசம் நடந்தபோது, மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்று மாமனார் நாள் குறித்தார். அவர்களுக்கு ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்துக் கிராமம், கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. குலசாமி இருப்பது கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி. சென்னையிலும் சொந்தக்காரர்கள் நிறைய. "நீதான் வண்டி ஆபீஸ்ல கீறியே, ஒரு நல்ல வண்டியா புடிம்மா" என்றார் மாமனார். இருபத்தோரு சீட்டு மினி பஸ் ஒன்றை எழுதிக்கொண்டேன்.

டிரைவரையும் நான்தான் பொறுக்கினேன். குடிக்க மாட்டார், பீடி கிடையாது, பெண்கள் இருக்கிற வண்டியில் வாய் தவறி ஒரு கெட்ட வார்த்தை வராது. என்னைவிட நாலு வயது பெரியவர், இரண்டு பெண் குழந்தைகள், செங்குன்றம் பக்கம் வீடு. வயதில் பெரியவராக இருந்தும் ஆபீஸ் மரியாதைக்கு என்னை அக்கா என்பார். ஒரே குறை, போர்டில் தொடர்ந்து மூன்று மாசமாகக் கடைசிப் பெயர் அவருடையது.

கிளம்பும் காலையில் ஷெட்டில் நின்று, "அக்கா, எனுக்கு மலை ரோடு பழக்கம் கம்மி. மைலேஜும் அடிவாங்கிடும். வேற ஆளப் போட்டுக்குங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டு விசேஷத்துக்குப் போகிற காலையில் இவர் வேறு. "இன்னாண்ணா சாக்கு இது? ஏறும்போது வண்டி குடிக்கிறத எறங்கும்போது மிச்சம் புடி. எறக்கத்துல வண்டி தானா உருளப் போவுது, எஞ்சினுக்கு அங்க இன்னா வேல? நியூட்ரல்ல வுட்டுட்டு பிரேக்க மட்டும் பாத்துக்கோ. இந்த மாசமாவது போர்டுல மேல வா" என்றேன். நான் அதுவரை ஒரு சைக்கிளைக்கூட மலையில் ஓட்டியதில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

அன்று ராத்திரி மாமனாரின் ஊர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலையில் கள்ளக்குறிச்சி போய், கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மலை ஏற ஆரம்பித்தோம். ஜன்னலுக்கு வெளியே ரோட்டின் ஓரம் தெரியவில்லை, நேராக மர உச்சிகள்தான் தெரிந்தன. இரண்டு முறை கண்ணை மூடிக்கொண்டேன். என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, "பட்டணத்துல மாடி மேல மாடி ஏறிக்கினு கீற, இதுக்குப் போயி கண்ண மூட்ற?" என்று இடுப்பில் கிள்ளினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சாமி காரியம் நல்லபடியாகத்தான் நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்தும்போது என் மகன் மலை அதிர அழுதான். கிடா வெட்டி, சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடிக்க மணி மூன்றரை ஆகிவிட்டது. கிளம்பும்போது பார்த்தால், வேறு வண்டியிலும் பைக்கிலும் மலைக்கு வந்திருந்த சொந்தமெல்லாம் எங்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. "கள்ளக்குறிச்சி வரைக்கும்தான், இன்னா இப்ப, இடுக்கிக்கினு ஒக்காரு" என்று மாமனாரே ஆள் ஆளாக ஏற்றினார். நான் எண்ணினேன். மடிக் குழந்தைகளை விட்டு முப்பத்தொன்று. போதாததற்கு இரண்டு பெரிய அண்டா, விறகு மிச்சம், அரிசி மூட்டை. மற்ற பார்ட்டிகளைப் போனில் கிழித்துத் தொங்கவிடுகிற நான் மாமனார் முன்னால் மூச்சு விடவில்லை. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு வழக்கம் உண்டு. வெட்டிய கிடாவின் தலையும் காலும் அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கு. அதனால் அவை அங்கேயே அடுப்பில் வாட்டப்பட்டு, மயிர் கருகிய வாசனையோடு, ஒரு அலுமினியக் குண்டானில் நாத்தனாரின் காலடியில் ஏறின. மேலே வேப்பிலை, ஒரு துண்டு கரி. இரண்டாவது வழக்கம், கறி எடுத்துக்கொண்டு மலையிறங்கும்போது வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது. நின்றால் காற்று கருப்பு கூடவே ஏறி வந்துவிடும் என்பார்கள். சிறுநீருக்குக்கூட நிற்க மாட்டார்கள். அடிவாரம் தாண்டிய பிறகுதான் காலைக் கீழே வைப்பார்கள்.

கரியாலூர் கடந்து இறக்கம் ஆரம்பித்தது. நான் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம், மடியில் பையன். அழுது களைத்துத் தூங்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் வண்டிச் சத்தம் குறைந்தது. உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் சும்மா முனகுகிற மாதிரி ஆனது, டயர் ரோட்டில் உருள்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு உடனே புரிந்தது. கியரை எடுத்து நியூட்ரலில் விட்டிருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது பயம் வரவில்லை. பரவாயில்லையே, சொன்னதைக் கேட்கிறாரே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாலைந்து வளைவு தாண்டியதும் ஒரு தீய்ந்த வாசனை வந்தது. முன் சீட்டில் இருந்த யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி இது, கருகற நாத்தம்?" என்றார்கள்.

"என் தலதான்" என்றார் நாத்தனார், குண்டானைத் தட்டிக் காட்டி. "நல்லா வாட்டிட்டானுங்க. நாளைக்குக் கொழம்பு வச்சா தெருவே வரும், பாரு."

"ஒன் தலயா, ஆட்டுத் தலயா?" என்றார் என் வீட்டுக்காரர். வண்டி முழுக்கச் சிரிப்பு. "ரெண்டுக்கும் மூள ஒண்ணுதான்" என்று இன்னொருவர். நாத்தனார் எட்டித் தம்பியின் மண்டையில் ஒரு குட்டு வைத்தார். நானும் நம்பினேன். வாட்டிய தலையும் காலும் வண்டிக்குள் இருக்கும்போது அந்த வாசனைக்கு வேறு காரணம் தேட யாருக்குத் தோன்றும்? இரண்டு மூன்று வளைவு அப்படியே போனது.

ஆனால் வாசனை ஏறிக்கொண்டே வந்தது. குண்டான் இருந்தது பின்னால். வாசனை வந்தது கீழேயிருந்து. ஷெட்டில் ஒரு முறை, பிரேக் பிடித்தபடியே ஓட்டிக்கொண்டு வந்த ஒரு வேனை மெக்கானிக் நிறுத்தி, டிரைவரைத் திட்டிக்கொண்டே சக்கரத்தில் தண்ணீர் தெளித்துக் காட்டினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. "லைனர் எரியுது பாரு, இந்த வாசன வந்தா பிரேக் போவப் போவுதுன்னு அர்த்தம்" என்றார். அது இதே வாசனை. கியர் இல்லாத வண்டியை அத்தனை வளைவிலும் பிரேக் மட்டும்தான் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

எழுந்து நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, வண்டிய கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. இது தல வாசன இல்ல, பிரேக்கு" என்றேன்.

முன் வரிசையில் இருந்த மாமனார் திரும்பிப் பார்த்தார். "கறி வச்சிக்கினு நடு மலைல நிக்கறதா? பச்சப் புள்ளைய வேற வச்சிக்கினு கீற. புத்தி கித்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"இல்ல மாமா, ஒரு பத்து நிமிஷம் நின்னா ஆறிடும்..."

"ஒக்காரும்மா. சாமி பாத்துக்கும்."

வீட்டுக்காரர் என் புடவையை இழுத்து, "ஏன் எல்லாரையும் பயமுறுத்தற? காலைல இருந்தே நீ பயந்துக்கினுதான் கீற" என்றார். அதுவும் உண்மைதான். காலையில் கண்ணை மூடியவள் மாலையில் கத்தினால் யார் காது கொடுப்பார்கள்? அப்படியே உட்கார்ந்திருப்பேன். மாமனார் பேச்சை மீறி நான் அந்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. ஆனால் மடியில் பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான், காதில் புதுக் கம்மல், மடல் சிவந்து வீங்கியிருக்கிறது. இவன் சாகப் போகிறான் என்று எனக்குள் ஒரு குரல் தெளிவாகச் சொன்னது. அவனை வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு, ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு, முன்னால் போய் டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி மேல் உட்கார்ந்தேன்.

அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வேர்வை தாடை வழியாகச் சொட்டுகிறது. வலது கால் பிரேக்கை மிதித்து மிதித்து விடுகிறது.

"இன்னாண்ணா?" என்றேன்.

என் பக்கம் திரும்பாமல், உதடு மட்டும் அசைய, "அக்கா, கத்தாதீங்க. பெடல் கீழ போயிக்கினே கீது. புடிக்க மாட்டேங்குது" என்றார்.

"கியர்ல போடுங்க" என்றேனா, சொல்ல நினைத்தேனா தெரியவில்லை. அவர் கிளட்ச்சை மிதித்து கியரைத் தள்ளினார். கறகறவென்று அரைத்தது, விழவில்லை. வேகம் அதிகம். இன்னொரு முறை தள்ளினார். விழவில்லை. பின்னால் இன்னும் தலையைப் பற்றித்தான் கிண்டல் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனாரின் சிரிப்புச் சத்தம் தனியாகக் கேட்டது. முப்பத்தொரு பேரில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

வளைவு வந்தது. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் திருப்பினார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அண்டாக்கள் உருண்டு, பின்னால் "ஏய், மெதுவா!" என்று நாலைந்து குரல் எழுந்தது. எதிரே மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு ஒரு பைக் வந்தது. அதில் இருந்தவர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. மண்ணில் இறக்கிக்கொண்டார், அவர் முழங்கையை உரசாத குறைதான். நான் குலசாமியைக் கூப்பிட்டேன். என் பையனை மட்டும் விடு, என்னை எடுத்துக்கொள் என்று வேண்டவில்லை. அப்படி வேண்டியதாகச் சொல்ல ஆசைதான். எல்லாரையும் விடு, என்னையும் விடு, அடுத்த வருஷம் ரெண்டு கிடா என்று வேண்டினேன். எழுந்துபோய்ப் பையனை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். கை கம்பியை விட மறுத்தது. என் கைதான், ஆனால் நான் சொல்வதைக் கேட்கவில்லை.

மூன்றாவது முறை எஞ்சினை அலற விட்டு கியரைக் குத்தினார். விழுந்தது. எல்லோரும் முன் சீட்டில் போய் இடித்துக்கொண்டார்கள். வேகம் கொஞ்சம் உடைந்தது, நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுக்கச் சொன்னார், இழுத்தேன். அது வெறும் குச்சி மாதிரி மேலே வந்தது. இப்போது பின்னால் இருப்பவர்களுக்கும் புரிந்துவிட்டது. சிரித்த வாய்களெல்லாம் ஒரே குரலில் ஓலமிட்டன. அந்த ஓலத்துக்குள் என் மகன் அழுகிற சத்தத்தைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

"அக்கா, இந்தாண்ட வந்துடுங்க" என்று என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். அடுத்த வளைவுக்கு முன்னால் இடது பக்கம், மலையோரத்தில், ரோடு போடக் கொட்டி வைத்த ஜல்லி மேடு இருந்தது. அதைத் தாண்டினால் வளைவு, வளைவுக்கு அப்பால் வானம். வண்டியை நேராக அந்த ஜல்லியில் ஏற்றினார். கல் தெறித்தது, கண்ணாடி உடைந்தது, இடது பக்கம் முழுக்க மண் சுவரில் தேய்த்துக்கொண்டே போனது. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு தகரம் உள்ளே வந்து நின்றது. அப்புறம் அசைவில்லை. எஞ்சின் மட்டும் இரண்டு முறை விக்கிவிட்டு அணைந்தது.

கதவு மண்ணில் புதைந்துவிட்டதால் பின் கதவு வழியாக இறங்கினோம். யாரும் சாகவில்லை. நாத்தனாருக்கு நெற்றியில் கிழிசல், மாமனாருக்கு உதடு பிளந்து ரத்தம், இரண்டு பேருக்குக் கை பிசகியிருந்தது. என் வீட்டுக்காரர் பையனை மார்போடு கட்டிக்கொண்டு குனிந்துவிட்டிருந்ததால் அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வாங்கிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் உடம்பு முழுக்கத் தடவித் தடவிப் பார்த்தேன். வளைவுப் பக்கம் போய் எட்டிப் பார்த்த ஒருவர் திரும்பி வந்து, குழந்தைகளையெல்லாம் மண் சுவர்ப் பக்கம் இழுத்து உட்கார வைத்தார்.

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது எல்லோருக்கும். டிரைவர் இறங்கி, முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். மாமனார் நேராகப் போய்ச் சட்டையைப் பிடித்துத் தூக்கி ஒரு அறை விட்டார். "முப்பது உசுருடா! குடிச்சிட்டு ஓட்றியா? எங்க குடும்பத்தையே வாரிக் குடுக்கப் பாத்தியே பாவி!" இன்னும் இரண்டு பேர் கை ஓங்கினார்கள். என் வீட்டுக்காரர் குறுக்கே போய்த் தடுத்தார். ஜல்லி மேட்டில் ஏற்றி எங்களைக் காப்பாற்றியவர் டிரைவர்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மட்டும்தான் அது தெரியும். நான் பையனுக்குப் பால் கொடுப்பது போலத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ஏனென்றால் அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒரு பயம் பிடித்துவிட்டது. இவர் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? அக்காதான் நியூட்ரலில் இறக்கச் சொன்னது என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். இந்த முப்பது பேரும் என் பக்கம் திரும்புவார்கள். மாமனார் திரும்புவார். சொந்தப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று காலத்துக்கும் பேர் ஆகிவிடும். டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார், என் பக்கம் பார்க்கவேயில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பார்த்தாலாவது கண்ணால் கெஞ்சியிருக்கலாம்.

மலையில் அந்த இடத்தில் சிக்னல் இல்லை. அரை மணி நேரம் கழித்து மேலேயிருந்து வந்த ஒரு பைக்காரர், கொஞ்சம் கீழே ஒரு பாறைப் பக்கம் எடுக்கும் என்று காட்டினார். மாற்று வண்டி கேட்க வேண்டும். ஆபீஸில் பேச வேண்டியவள் நான்தான். பையனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மாமனாரும் வீட்டுக்காரரும் கூட வந்தார்கள். "அந்த ஆளையும் கூட்டிக்கினு வா, மொதலாளிகிட்ட அவன் முன்னாடியே சொல்லணும்" என்றார் மாமனார். டிரைவர் எங்களுக்குப் பின்னால் நாலடி தள்ளி நடந்து வந்தார்.

முதலாளி போனை எடுத்ததும், "ஸ்பீக்கர்ல போடும்மா" என்றார் மாமனார். போட்டேன். வண்டி மண் சுவரில் மோதிவிட்டது, ஆளுக்குச் சேதமில்லை, வேறு வண்டி வேண்டும் என்று சொன்னேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா? புள்ள?" என்றார் முதலாளி.

"நல்லா இருக்கான் சார்."

"அது போதும். கள்ளக்குறிச்சில தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், ரெண்டு வேன் அனுப்பச் சொல்றேன். ஆமா, எப்படிம்மா ஆச்சு? வண்டி மேல தப்பா, டிரைவர் மேல தப்பா?"

மாமனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரும். பையன் என் தாலியைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

"டிரைவர் மேலதான் சார்" என்றேன். "எறக்கத்துல நியூட்ரல்ல வுட்டுட்டார். பிரேக் சூடாகிப் போயிடுச்சு."

"நியூட்ரல்லயா?" முதலாளியின் குரல் பாறையில் மோதித் திரும்பியது. "மலைல எவனாவது நியூட்ரல்ல எறக்குவானா? யாரக் கேட்டு அப்படி எறக்கனான்? பக்கத்துல இருக்கானா? கேளு, யார் அப்படி எறக்கச் சொன்னதுன்னு கேளு!"

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, டிரைவருக்கே கேட்டிருந்தது. மாமனார் திரும்பி அவரைப் பார்த்தார். பிரேக் இல்லாமல் அந்த வளைவுகளில் இறங்கியபோது எனக்கு இருந்த பயத்தை இவ்வளவு நேரம் எழுதினேன். அதையெல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது அப்போது வந்த பயம். பையனை எவ்வளவு இறுக்கிவிட்டேனோ, அவன் வீரிட்டான்.

டிரைவர் என்னைப் பார்த்தார். வண்டி ஜல்லியில் நின்ற பிறகு முதல் முறையாக நேராகப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்புறம் போன் பக்கம் குனிந்து, சத்தமாக, "யாரும் சொல்லல சார். நானாத்தான் எறக்கனேன்" என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது.